அவர் எப்படி இருக்கார்?

எங்கள் ஏழு தீவுகளிலும் பட்டப்பெயர் இல்லாத மனிதன் கிடையாது. தபால்காரருக்கே அதுதான் விலாசம். லிப்பாரித் துறைமுகத்தில் மூன்று பஸ்தியானோக்கள் இருந்தார்கள். ஒருவன் பூனை, ஒருவன் முக்கால், மூன்றாமவன் ச்சீ. 'ச்சீ பஸ்தியானோ எங்கே' என்று கேட்டால் போதும், வலை உலர்த்துகிறவன் தலையைத் தூக்காமலே கையைக் காட்டுவான்.

பெயர் சும்மா வரவில்லை. பிறவியிலேயே அவனுக்கு மூக்கு அப்படி. ஞானஸ்நானத்தன்று சாமியார் நெற்றியில் எண்ணெய் பூசக் குனிந்ததும், அவருடைய பூண்டு வாடை தாங்காமல் குழந்தை அவர் அங்கி மேலேயே கக்கிவிட்டதாம். ஸ்ட்ராம்போலித் தீவில், ஜினோஸ்த்ரா என்ற குக்கிராமத்தில், கணவாய் மீன் பிடித்துப் பிழைத்த குடும்பம். அதில் போய் மீன் வயிற்றைக் கீறினால் குமட்டுகிற பிள்ளை. அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் நுன்சியோ மட்டும்தான் சிரித்தான். தம்பி பங்கு மீனையும் சேர்த்து அவனே கழுவினான்.

பதினாறு வயதில் பஸ்தியானோ மீனுக்குத் தப்பி லிப்பாரிக்கு ஓடி ஒரு முடிதிருத்தும் கடையில் சேர்ந்தான். கை நன்றாகப் படிந்தது. சவரக் கத்தியை அவன் பிடிக்கிற அழகுக்காகவே வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. ஆனால் சவரம் செய்ய வேண்டுமென்றால் முகத்துக்கு நேரே குனிய வேண்டும், முகத்தில் வாய் இருக்கிறது, வாயில் ராத்திரி குடித்தது இருக்கிறது. மூன்று வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மழித்தான். பிறகு கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் இரண்டு பேருக்குத்தான் மழித்தான். ஒன்று அப்பா, கடைசி நாள் வரைக்கும். இன்னொன்று நுன்சியோ, கல்யாணத்தன்று காலையில். அந்த இரண்டு முகத்திலும் அவனுக்கு எந்த வாடையும் வந்ததில்லை.

கடல்காற்று எல்லா நாற்றத்தையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று கணக்குப் போட்டுத்தான் பாய்மரப் படகுக்கு வந்தான். காற்றால் அடித்துப் போக முடியாத ஒன்று உண்டு, அது விடுமுறைக்கு வந்த மனிதன் என்பது அவனுக்கு அப்போது தெரியாது. படகு வேறொருவருடையது. பஸ்தியானோ அதன் கேப்டன், சமையல்காரன், தோட்டி எல்லாம். சனிக்கிழமை எட்டுப் பேரை ஏற்றுவான். ஒரு வாரம் தீவு தீவாகச் சுற்றிக் காட்டுவான். அடுத்த சனிக்கிழமை இறக்கிவிட்டுப் படகைக் கழுவுவான். இப்படி இருபது கோடை போனது.

அந்தக் கழுவலைப் பற்றி அவனைக் கேட்கக் கூடாது. வெயிலுக்குப் பூசுகிற எண்ணெய் தளமெங்கும் வழுக்கும், பாயில் கைரேகையாய் அப்பியிருக்கும், அவன் சாப்பிடுகிற ரொட்டியில்கூட அதன் தேங்காய் வாடை ஏறியிருக்கும். கழிவறை அதைவிட மோசம். முதல் நாளே எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்வான்: "முதல்ல தின்னு வயித்துக்குள்ள போகாத எதையும் இதுக்குள்ள போடாதீங்க. காகிதமும் கூடாது." எல்லோரும் சிரித்துத் தலையாட்டுவார்கள். திங்கட்கிழமைக்குள் அடைத்துக்கொள்ளும். தோள் வரை கையை விட்டு அவன்தான் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டு வந்து அதே கையால் அவர்களுக்கே நூடுல் வடித்துக் கொட்டுவான். எலுமிச்சம்பழம் போட்டுக் கை கழுவித்தான், ஆனாலும் சொல்கிறேன்.

நான் சொல்ல வந்த வாரத்தில் ஏறியவர்கள் வடக்கே பெர்கமோவிலிருந்து வந்தவர்கள். பெரேகோ என்ற பல் டாக்டர்தான் தலைவர். எட்டுப் பேரும் ஒரே மாதிரி சிவப்புச் சட்டை போட்டிருந்தார்கள், மார்பில் எரிமலை படம், கீழே 'பெரேகோ படை' என்று எழுத்து. பெரேகோவுக்குச் சாப்பிட்டு முடித்ததும் ஒரு பொழுதுபோக்கு. சின்ன டார்ச்சை எடுத்து, நண்பர்களை ஒவ்வொருவராக வாயைத் திறக்கச் சொல்லி, பல்லிடுக்கில் என்ன மாட்டியிருக்கிறது என்று மேஜையைச் சுற்றி வந்து பார்ப்பார். கண்டுபிடித்தால் கைதட்டு. ஒர்னெல்லா என்று ஒரு பெண்மணி. வெயிலில் வெந்து உரிந்த முதுகுத் தோலைத் துண்டு துண்டாகக் கிள்ளி, "மீனுக்கு" என்று சொல்லிக் கடலில் போடுவாள். பாதி கடலுக்குப் போகும், மீதி பஸ்தியானோ சமையலுக்காக உப்பிட்டு உலர வைத்திருக்கிற கேப்பர்ச் செடி மொக்குத் தட்டுக்குப் போகும்.

"ச்சீ" என்றான் பஸ்தியானோ.

"என்ன சொன்னீங்க கேப்டன்?"

"காத்து திரும்புது மேடம்."

அவர்கள் வந்ததே ஒன்றைப் பார்க்கத்தான். ஸ்ட்ராம்போலி மலை நெருப்புக் கக்குவதைக் கடலிலிருந்தபடி பார்க்க வேண்டும். அதற்காகத்தான் சட்டையில் படம். வியாழக்கிழமை மாலை அங்கே போவதாகத் திட்டம்.

பஸ்தியானோவுக்கும் அங்கே ஒரு வேலை பாக்கி இருந்தது. அண்ணனுக்கு மழித்துவிட வேண்டும்.

நுன்சியோ ஜினோஸ்த்ராவை விட்டு நகர்ந்தவன் இல்லை. சாலை கிடையாது, கடல் வழியாகத்தான் போக வேண்டும், கழுதைதான் வண்டி. அங்கேயே கணவாய் பிடித்து, லெத்தேரியாவைக் கட்டி, நெஞ்சில் நோயையும் வாங்கிக்கொண்டான். வசந்தத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் மிலாத்சோ ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். மே மாதம் பஸ்தியானோ ஒரு தடவை போய்ப் பார்த்தான். அண்ணன் முகத்தில் தாடி காடாகக் கிடந்தது. வேறு யாரையும் தொட விடவில்லை.

"கோடை முடியறதுக்குள்ள கத்தியோட வாடா" என்றான் நுன்சியோ. "இந்தத் தாடியோட போனா அப்பா என்னை அடையாளம் தெரியலன்னு வாசல்லயே நிறுத்திடுவாரு."

"அடுத்த வாரம் வரேண்ணே."

அடுத்த வாரம் காற்று சரியில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு விருந்தாளிக்கு வயிற்றுப்போக்கு. அப்புறம் ஏதோ பிறந்தநாள். ஜூன் போனது, ஜூலை போனது. ஒவ்வொரு வாரமும் படகு ஸ்ட்ராம்போலிக்குப் போனது, நெருப்பு பார்த்தது, திரும்பியது. ஜினோஸ்த்ரா வீட்டு விளக்கு அவன் கண்ணுக்கே தெரியும். சவரக் கத்தி துணியில் சுற்றி வரைபட மேஜை இழுப்பறையில் கிடந்தது. இந்த வியாழக்கிழமை என்ன ஆனாலும் இறங்கிவிடுவது என்று அவன் முடிவு செய்திருந்தான். எட்டுப் பேரும் மலையைப் பார்த்து வாயைப் பிளக்கிற நேரத்தில் ரப்பர் படகில் போய் மழித்துவிட்டு வந்துவிடலாம் என்று திட்டம். அண்ணனுக்குக்கூட இடைவேளையில்தான் நேரம்.

புதன்கிழமை மத்தியானம் பனாரியாத் தீவில், ஸ்ட்ராம்போலி கண்ணுக்குத் தெரியாத தெற்குப் பக்கம் நங்கூரம் போட்டிருந்தார்கள். கரையில் மதுக்கடைக்காரன் கூப்பிட்டான். "ச்சீ, ஒன் மதினி பேசினா. உடனே போன் பண்ணணுமாம்."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்ட்ராம்போலிக்காரர்கள் மலையை மலை என்று சொல்வதில்லை. அவர் என்றுதான் சொல்வார்கள். அவர் இன்றைக்குக் கோபமாக இருக்கிறார், அவர் இருமுகிறார், அவர் தூங்குகிறார். கூரைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறவருக்குப் பெயர் எதற்கு? லெத்தேரியா வீட்டு முற்றத்தில் நின்றால் மலையின் வாய்ப் பக்கம் புகையும் சிவப்பும் நன்றாகத் தெரியும். அதனால் வாரா வாரம் பஸ்தியானோ அவளுக்குப் போன் போட்டு, "அவரு எப்படி இருக்காரு?" என்று கேட்பான். அவள் சொல்வாள். அதை வைத்துத்தான் படகை எப்போது எங்கே நிறுத்துவது என்று முடிவெடுப்பான். இருபது வருடமாக மதினிக்கும் கொழுந்தனுக்கும் நடுவில் இருந்த பேச்சு இதுதான்.

போன் போட்டான். பின்னால் படகிலிருந்து பெரேகோ, ஐஸ் தீர்ந்துவிட்டது என்று கத்திக்கொண்டிருந்தார்.

"மதினி, நான்தான். அவரு எப்படி இருக்காரு?"

அந்தப் பக்கம் ஒரு மூச்சு இழுக்கிற சத்தம். "கேட்டியே, நல்லா இரு. நேத்து வரைக்கும் இருமிக்கிட்டே இருந்தாரு. காலையிலேருந்து சத்தமே இல்ல. மூச்சு மட்டும் லேசா வருது."

"வாய்ப் பக்கம் ஏதாச்சும் வருதா?"

"முந்தாநாள் கொஞ்சம் சிவப்பா வந்துச்சு. இப்ப அதுவும் இல்ல."

பஸ்தியானோவுக்கு எரிச்சல் வந்தது. எட்டுப் பேரை இழுத்துக்கொண்டு போய், புகைகூட விடாத மலைக்கு முன்னால் நிறுத்தினால் பெரேகோ படை அவனைத்தான் கடித்துத் துப்பும். "ரெண்டு நாள்ல சரியாவாரா?"

"இன்னிக்கே வாயேன் பஸ்தியானோ. நாளைக்கு எப்படி இருப்பாருன்னு எனக்குச் சொல்லத் தெரியல." அவள் குரல் உடைந்திருந்தது. மலை அமைதியானால்தான் ஜினோஸ்த்ராக்காரர்களுக்குப் பயம், அதுதான் பாவம் நடுங்குகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"பயப்படாதீங்க மதினி. சத்தமே இல்லாம கெடக்கறவர வந்து பாத்து நான் என்ன செய்ய? எட்டுப் பேர வேற இழுத்துக்கிட்டு வரணும். கண்ணு முழிச்சு சத்தம் போட்டாருன்னா சொல்லி அனுப்புங்க, ஒடனே வரேன்."

 மறுமுனையில் இணைப்பு அறுந்தது. ஜினோஸ்த்ராவில் சிக்னல் அப்படித்தான், வரும் போகும். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று தோன்றியது. மறுபடி போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் தாடி விஷயம் வரும், வரேன் என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருக்கும். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். மனசில் ஒரு சின்ன நிம்மதிகூட இருந்தது. நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

ஸ்ட்ராம்போலி இல்லை என்றதும் பெரேகோ படை முகத்தைத் தொங்கப் போட்டது. "அப்ப சட்டை எதுக்கு?" என்று கேட்டாள் ஒர்னெல்லா. அவர்களைச் சமாதானப்படுத்த வியாழக்கிழமை காலையில் வுல்கானோ தீவுக்குக் கூட்டிப்போய்ச் சேற்றுக் குட்டையில் இறக்கிவிட்டான்.

அந்தக் குட்டையைப் பார்த்ததில்லை என்றால் பார்க்க வேண்டாம். கந்தகம் கொதித்து வருகிற சாம்பல் நிறச் சேறு. அழுகிய முட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருடம் முழுக்க நடந்தால் வருகிற நாற்றம். அதற்குள் ஐம்பது அறுபது பேர் கழுத்து வரை இறங்கி, முன்னே பின்னே தெரியாதவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் அப்பிவிட்டுக்கொண்டு, தோல் மினுமினுக்கும் என்று நம்பி உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே எவன் என்ன விட்டான் என்று யாருக்குத் தெரியும். கொதிக்கிறதே, எல்லாம் செத்துவிடும் என்பார் பெரேகோ. வாயிலும் கொஞ்சம் போட்டு ஈறில் தேய்த்துக்கொண்டார். பஸ்தியானோ படகுத்துறைக்கு ஓடிவந்து, மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

அங்கேதான் திந்தாரோ வந்தான். தீவு தீவாக ஐஸ் கட்டி ஏற்றிப் போகிறவன், ஸ்ட்ராம்போலியின் வடக்குக் கரைக்காரன். அந்தக் கரைக்கும் ஜினோஸ்த்ராவுக்கும் நடுவில் மலைதான், பாதை கிடையாது.

"என்னடா ச்சீ, வியாழக்கிழமை எங்க ஊருக்குத்தானே வருவ? இந்தக் கப்புல என்ன ஒக்காந்திருக்க?"

"அவரு தூங்கறாராமே. மதினி சொன்னா. அதான் பன்னிங்கள சேத்துல எறக்கிட்டேன்."

"யாரு தூங்கறாரு?" திந்தாரோ ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தான். "நான் இப்பத்தான்டா அங்கேருந்து வரேன். நேத்து முழுக்க சட்டி சட்டியா ஒடைச்சிக்கிட்டு இருக்காரு. எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடி ஒரு நிமிஷம் சும்மா இல்ல. பத்து வருஷத்துல இந்த மாதிரி நான் பாக்கல."

"சத்தமே இல்லன்னாளே. காலையிலேருந்து மூச்சு மட்டும் லேசா..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். மலைக்கு எதற்கு மூச்சு லேசாக வர வேண்டும்? திந்தாரோ அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் தீவுகளில் பெண்கள் கட்டின புருஷன் பெயரையும் வாயால் சொல்வதில்லை. ஜினோஸ்த்ராவில் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு அவர் உண்டு, ஒருவர் கூரைக்கு மேலே, ஒருவர் அடுப்புக்குப் பக்கத்தில். யாரைச் சொல்கிறார்கள் என்று அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். தப்பாகப் புரிந்துகொள்கிற ஒருத்தன் அங்கே பிறந்திருந்தான் என்பது முந்தின நாள் வரைக்கும் யாருக்கும் தெரியாது.

"நுன்சியோவாடா?" என்றான் திந்தாரோ மெதுவாக.

பஸ்தியானோ போனை எடுத்துப் போட்டான். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஸ்ட்ராம்போலிக்குப் போகிற விரைவுப் படகு காலையிலேயே போயிருந்தது, திந்தாரோவின் ஐஸ் படகு இனி ராத்திரிதான் ஊர் திரும்பும். அவனிடம் இருந்தது இந்தப் பாய்மரப் படகு ஒன்றுதான், இந்த வாரத்துக்கு இதற்குக் காசு கொடுத்த எட்டுப் பேர் சேற்றில் இருந்தார்கள்.

குட்டைக்கு ஓடினான். துண்டு அவிழ்ந்து விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. "ஏறுங்க எல்லாரும். ஸ்ட்ராம்போலி போறோம், இப்பவே."

"கேப்டன், இன்னிக்குத் தூங்குதுன்னீங்களே" என்றார் பெரேகோ, கழுத்து வரை சேற்றில்.

"எந்திரிச்சிட்டாரு."

"குளிச்சிட்டு வந்துடறோம். பத்தே நிமிஷம்."

"வராதவங்கள இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்."

அவன் குரலில் இருந்ததைக் கேட்டு அவர்கள் ஏறிவிட்டார்கள், அப்படியே, சேற்றோடு. எட்டு உடம்பு கந்தகச் சேறு தளத்திலும் மெத்தையிலும் பாயிலும் ஒட்டிக் காய்ந்தது. எதிர்காற்று. எஞ்சினை முழு வேகத்தில் போட்டான். படகு ஒவ்வொரு அலையிலும் தலையை முட்டிக்கொண்டு ஏறி இறங்கியது. லிப்பாரியைத் தாண்டுவதற்குள் முதல் ஆள் வாந்தி எடுத்தான். பிறகு எல்லோரும். காற்றுப் பக்கம் திரும்பி எடுக்காதே என்று முதல் நாளே சொல்லியிருந்தான், யார் கேட்டார்கள். எடுத்தது எல்லாம் திரும்பி அவர்கள் மேலேயே, சுக்கானைப் பிடித்திருந்தவன் மேலேயும் வந்து விழுந்தது. கீழே கழிவறை அடைத்துக்கொண்டு, அலைக்கு அலை ததும்பி வெளியே வந்தது. பஸ்தியானோ வாழ்நாள் முழுக்க ஓடித் தப்பித்த நாற்றமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அன்றைக்கு அவனைச் சுற்றி நின்றது. அவன் முகம் சுளிக்கவில்லை. ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி இன்னொரு கையால் இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றின கத்தியை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

திந்தாரோ பொய் சொல்லவில்லை. வெயில் தாழ்ந்து, ஸ்ட்ராம்போலி கிட்டே வர வர, மலை இடித்த இடி மார்புக் கூட்டுக்குள் கேட்டது. கறுப்புப் புகைக்கு நடுவில் சிவப்பு எழும்பிச் சரிவில் உருண்டு கடல் வரைக்கும் வந்தது. வாந்தி எடுத்துக் கிடந்த எட்டுப் பேரும் உயிர் வந்து எழுந்து உட்கார்ந்தார்கள். போனைத் தூக்கினார்கள். ஒவ்வொரு இடிக்கும் ஒரு கூச்சல், ஒரு கைதட்டல். "கேப்டன், நீங்க தெய்வம்" என்றாள் ஒர்னெல்லா, காய்ந்த சேற்று முகத்தோடு. அவன் மலையைப் பார்க்கவில்லை. ஜினோஸ்த்ரா பக்கம் அண்ணன் வீட்டைப் பார்த்தான். எல்லா வீட்டு வாசலும் திறந்திருக்க, அந்த வாசல் கதவு ஒன்றை மட்டும் பாதி சாத்தியிருந்தார்கள். எங்களிடம் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நங்கூரம் போட்டான். ரப்பர் படகை இறக்கும்போது பெரேகோ கிட்டே வந்தார்.

"எங்க போறீங்க?"

"அது எங்கண்ணன் வீடு. எறந்துட்டான்."

"அடடா." பெரேகோ சேற்றுக் கையை மார்பில் வைத்துத் தலை குனிந்தார். நியாயமாகக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கேட்டார்: "ராத்திரிச் சாப்பாடு எப்படி, நாங்களே பாத்துக்கணுமா?"

பஸ்தியானோ அவரைத் திட்டவில்லை. அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தால் காற்றையும் பிறந்தநாளையும் பற்றிப் பேசுகிறவன் இன்னொருத்தனை என்னவென்று திட்டுவான். அந்த டாக்டர் கேட்டதற்கும் தான் மே மாதத்திலிருந்து செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்று அவனுக்குத் தெரியவில்லை. தன் மேலேயே குமட்டியது. ரப்பர் படகின் கயிற்றை அவிழ்த்தான்.

வீட்டுக்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். அவன் உள்ளே நுழைந்ததும் கந்தகமும் வாந்தியும் கழிவறையும் சேர்ந்த நாற்றம் அவனுக்கு முன்னால் போனது. இரண்டு பேர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்கள். அவனைப் பார்த்து அப்படிச் செய்தவர்கள் அதற்கு முன்னால் யாரும் இல்லை.

நுன்சியோ கட்டிலில் கல்யாணக் கோட்டில் கிடந்தான். முகத்தில் தாடி இல்லை. யாரோ மழித்திருந்தார்கள்.

"தானோ" என்றாள் லெத்தேரியா, அவன் கேட்பதற்கு முன்னாலேயே. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள், உட்காரச் சொல்லவில்லை. கழுதைகளுக்கு மயிர் வெட்டுகிறவன் தானோ. மழித்ததைப் பார்த்தாலே தெரிந்தது. தாடைக்குக் கீழே வெட்டுப்பட்டிருந்தது, ரத்தம் வராத வெட்டு. இடது காதுக்கு அடியில் ஒரு கொத்து மயிர் அப்படியே விட்டுப்போயிருந்தது.

"எப்போ மதினி?"

"இன்னிக்குக் காலையில."

"நான் நெனச்சேன்... நீங்க மலையச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"தெரியும்." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. "அப்ப எனக்குத் தெரியல. உன்னக் காறித் துப்பணும்போல இருந்துச்சு. அவருக்குத்தான் தெரிஞ்சிது. நீ பேசறப்ப போன அவரு காதுகிட்ட வெச்சிருந்தேன், தம்பி கொரல் கேக்கட்டும்னு. எல்லாம் கேட்டாரு. கண்ணத் தொறக்காமலே, 'கோவிச்சுக்காத, அவன் மலையக் கேக்கறான்'னாரு."

லெத்தேரியா புருஷனின் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள்.

"கொஞ்ச நேரம் கழிச்சு, 'எப்பவும் மலையத்தான் கேப்பான்'னாரு. அதுக்கப்புறம் பேசல."

சுவரோரத்துப் பெண்களில் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். பஸ்தியானோ வெகுநேரம் அந்தக் காதுக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைக்குள் கையை விட்டுத் துணியை எடுத்தான், பிரித்தான். கத்தியில் ஈரம் பட்டுத் துரு ஏறாமல் இருக்க வாரா வாரம் எண்ணெய் போட்டுத்தான் வைத்திருந்தான். எண்ணெய் போட நேரம் இருந்தது.

"காதுக்குக் கீழ கொஞ்சம் விட்டுப்போயிருக்கு மதினி. நான் வேணா..."

அந்த நேரம் பார்த்துக் கூரைக்கு மேலே மலை வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, கட்டில் கால் தரையில் தடதடத்தது, மெழுகுவர்த்திச் சுடர் சாய்ந்து நிமிர்ந்தது. இடி அடங்கியதும் கீழே கடலிலிருந்து சத்தம் ஏறி வந்தது. எட்டுப் பேரும் விசிலடித்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் மேல் வருகிற சத்தம், பக்கத்து அறையில் தட்டுவதுபோலத் தெளிவாகக் கேட்டது.

லெத்தேரியா குனிந்து புருஷன் முகத்தின் மேல் துணியை இழுத்து மூடினாள்.

"போ பஸ்தியானோ. கண்ணு முழிச்சு சத்தம் போட்டா வரேன்னியே. அவருதான் மேல இருக்காரு, போய்ப் பாரு."